உதிரனுக்கு மன்னிப்பு இல்லை

வீட்டு வாசலில் நீலத்திரை நிறுவனத்தின் கார் வந்து நின்றபோது, தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்பதில் ஜெனோவாவுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. வேறு யாரைத் தேடி வரப்போகிறார்கள்? தூத்துக்குடியில் என்ன, தமிழ் பேசுகிற எந்த ஊரிலும் 'கல்லான கடல்' தொடரை அவளைப் போல அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேச ஆள் கிடையாது. பகலில் கப்பல் ஏஜென்சியில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் 'கோட்டை வாசல்' ஜெனோவாவாகிவிடுவாள். அந்த வாரத் தொடரை அலசி அவள் பேசிப் போடும் ஒலிப்பதிவுக்காக ஊர் ஊராகக் காத்திருந்தார்கள்.

அவசரமாகத் தலையைக் கோதி, சேலை மாற்றிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். கீழ்வீட்டில் அவள் ஓரகத்தி ரினிட்டா, கொழுந்தன் லாய்டின் மனைவி, ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்திருந்தாள். அவள் முன்னால் நின்ற பெண், சென்னையிலிருந்து வருவதாகவும் பெயர் மாதங்கி என்றும் சொல்லி, ரினிட்டாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தோம் மேடம்."

"என்னையா?" ரினிட்டா திரும்பி ஜெனோவாவைப் பார்த்தாள். "அக்கா, இவங்க உங்களைத்தான் தேடி வந்திருப்பாங்க. மாத்திச் சொல்லுதாங்க."

மாதங்கி மாற்றிச் சொல்லவில்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக விளக்கினாள். 'கல்லான கடல்' தொடரில் நடிகர்களே கிடையாது, எல்லாம் கணினி வரைகிற உருவங்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எந்தக் காட்சியையும் கடைசி நாள்வரை மாற்றலாம். ஒவ்வொரு முக்கியமான கட்டத்தையும் இரண்டு மூன்று விதமாகத் தயாரிப்பார்கள். எதை வெளியிடுவது என்பதுதான் கேள்வி.

"சந்தா கட்டுற எல்லாருக்கும் ஒரு கைப்பட்டை குடுத்தோம் இல்லையா? தொடர் பாக்கும்போது உங்க நாடித்துடிப்பு எங்களுக்கு வரும். லட்சக்கணக்கான பேரோட நாடியைப் பாத்ததுல, ஒரு சிலரோடது மட்டும் கூட்டத்தோட அப்படியே ஒத்துப்போகுது. அவங்க எங்க அழறாங்களோ அங்கதான் எல்லாரும் அழறாங்க. எங்க பாஷையில 'முன்நாடி'ன்னு சொல்லுவோம். தமிழ்ல உங்க அளவுக்கு ஒத்துப்போற நாடி வேற இல்ல மேடம். இனிமே ஒவ்வொரு வாரமும் எல்லா விதத்தையும் முதல்ல நீங்க பாப்பீங்க. உங்க நாடி எதுக்கு அதிகமா அசையுதோ, அதுதான் வெளியே போகும்."

"எனக்கு அவங்க பேரே ஒழுங்காத் தெரியாதே" என்றாள் ரினிட்டா, வெட்கத்தோடு.

"அதனாலதான்."

ஜெனோவாவால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. "நான் மூணு தடவ உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன். கதையில எங்கெங்க ஓட்டை இருக்குன்னு எடுத்துக் காட்டியிருக்கேன். என் நாடியைப் பாக்கலியா?"

மாதங்கி நல்ல பெண்தான். வலிக்காமல் சொல்லத்தான் பார்த்தாள். "பாத்தோம் மேடம். உங்க நாடி காட்சிக்கு முன்னாடியே எகிறிடுது. அடுத்து என்னன்னு நீங்க கண்டுபிடிச்சிடறீங்க. சரியாச் சொல்லிட்டோமான்னு பாக்கத்தான் பாக்கறீங்க. இவங்க கதை பாக்கறாங்க."

போகும்போது இரண்டு நிபந்தனைகளைச் சொன்னாள். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. இன்னொன்று, ரினிட்டா எப்போதும் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்க்க வேண்டும். அதே சோபா, அதே நேரம், பக்கத்தில் அதே ஆள். ஆண்கள் இருவரும் துறைமுகத்தில் ராத்திரி வேலைக்குப் போனபிறகு, வியாழன் சாயங்காலங்களில், ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் வழக்கம். ஆக, ஜெனோவாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். சோபா இருப்பது போல.

*

அந்த வியாழக்கிழமைகளில் ஜெனோவா சோபாவின் மறுமூலையில் உட்கார்ந்திருப்பாள். தான் இத்தனை வருஷம் ஊகித்து ஊகித்துப் பேசிய காட்சிகள், உலகத்துக்கு முன்னால் தன் கண்ணெதிரே ஓடும். அவள் நாடியைக் கேட்க ஆளில்லை. பக்கத்தில் ரினிட்டா இறால் உரித்துக்கொண்டே, "இந்த மூக்குத்திக்காரி யாருக்கா, போன வாரம் செத்தவளா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கிறவளின் மணிக்கட்டுதான் கதையை எழுதிக்கொண்டிருந்தது.

உதிரன் விஷயத்தில்தான் அது பொறுக்க முடியாமல் போயிற்று.

ஜெனோவாவின் கணக்கு முதல் பாகத்திலிருந்தே தெளிவாக இருந்தது. துரோகியின் ரத்தம் பட்டால்தான் கல்லான கடல் மறுபடி அலையடிக்கும் என்று சாபம். துரோகி, கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட உதிரன். ஆகவே தொடரின் நாயகி நீலவேணி தன் கையால் அவனைக் கொல்ல வேண்டும். 'உதிரனுக்கு மன்னிப்பு இல்லை' என்பது கோட்டை வாசலின் முழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஆனால் சிறையில் கிடந்த உதிரன் திக்கித் திக்கி, "கதவைத் திறந்தது நான்தான். பூட்டத் தெரியாம நின்னவனும் நான்தான்" என்று சொன்ன காட்சியில் ரினிட்டா இறாலைக் கீழே போட்டுவிட்டு விம்மி விம்மி அழுதாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் உதிரனுக்கு விலங்கு கழன்றது. அதற்கடுத்த வாரம் நீலவேணி அவன் காயத்துக்குத் துணி கட்டினாள். கடலை ரத்தம்தான் உருக்க வேண்டுமென்பதில்லை, கண்ணீரும் உருக்கும் என்று எங்கிருந்தோ ஒரு முனிவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"கண்ணீர்ல உருகுதாம்!" என்று ஞாயிற்றுக்கிழமை ஜெனோவா ஒலிவாங்கியில் பொரிந்தாள். "அப்ப முதல் பாகத்துச் சாபம் என்ன ஆச்சு, காத்துல போச்சா? ஒரு கதைன்னா அதுக்குள்ள ஒரு நியாயம் வேண்டாமா?"

கேட்பவர்களுக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. கல்லூரிப் பெண்கள் கைகளில் உதிரன் பெயரை மருதாணியால் எழுதிக்கொண்டார்கள். பஸ்ஸில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில் எல்லாம் உதிரன் பேச்சுத்தான். கோட்டை வாசலுக்கு வந்த பதில்களில் ஒன்று ஜெனோவாவின் மனதில் முள்ளாகத் தைத்தது: 'அக்கா, உங்களுக்குக் கதை தெரியும். மனசு தெரியாது.' அதை ஆயிரக்கணக்கானோர் ஆமோதித்திருந்தார்கள். வாராவாரம் கேட்பவர்கள் குறைந்தார்கள்.

ரினிட்டாவோ ஒன்றும் அறியாதவளாக மாடிக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். "எனக்குப் பதிலா உங்களை எடுத்திருக்கணும்க்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கு." அந்த வார்த்தைதான் ஜெனோவாவை அதிகம் எரித்தது. பெருமையடித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

உதிரனுக்காக அவள் ஏன் அழுகிறாள் என்பது ஜெனோவாவுக்கு நன்றாகத் தெரியும். ரினிட்டாவுக்கு மெல்வின் என்று ஒரே ஒரு அண்ணன். குடித்துவிட்டுப் படகை ஓட்டிக் கடல்பாறையில் மோதினான். கூட இருந்த அப்பா உயிரோடு திரும்பவில்லை. அப்பாவை அடக்கம் செய்த கையோடு மெல்வின் கொல்லம் பக்கம் போனவன், தங்கை கல்யாணத்துக்குக்கூடத் தலைகாட்டவில்லை. ரினிட்டா அவனைப் பற்றிப் பேசுவதில்லை. ஜெபமாலை சொல்லி முடிக்கும்போது மட்டும் அவன் பெயரை முணுமுணுப்பாள்.

நீலவேணி உதிரனைக் கொல்வதா, மணப்பதா என்று முடிவாகும் வாரம் வந்தது. இரண்டு விதமாகவும் காட்சி தயாராக இருந்தது. ரினிட்டா சோபாவில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டிருக்கையில், ஜெனோவா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஏதோ நினைவுக்கு வந்தவள் போலச் சொன்னாள்:

"உங்க அண்ணனைப் பத்தி ஒரு சேதி கேட்டேன். சொல்லணுமா வேண்டாமான்னு இருக்கு."

ரினிட்டாவின் கை நின்றது. "என்னக்கா?"

"எங்க ஆபீஸ் டிரைவர் கொல்லம் போயிருந்தான். மெல்வின் புதுப் படகு எறக்கியிருக்கானாம். நல்லா இருக்கானாம். அப்பா பேரை வைக்கலாமேன்னு யாரோ சொன்னதுக்கு, அந்தாளு பேரெல்லாம் எதுக்குன்னு சிரிச்சானாம்."

டிரைவரும் இல்லை, படகும் இல்லை. எல்லாம் அந்த நொடியில் வாயில் வந்தவை என்றுதான் ஜெனோவா பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்பா பெயர் வைப்பதைப் பற்றிய அந்தக் கடைசி வரியை முந்தின நாள் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்திருந்தாள். கதையைக் காப்பாற்றத்தானே, வேறெதற்கு என்று சமாதானமும் செய்துகொண்டிருந்தாள்.

"சிரிச்சானா?" என்று மட்டும் கேட்டாள் ரினிட்டா.

திரையில் உதிரன் மண்டியிட்டான். திக்கினான். நீலவேணி அவனை மன்னித்து மாலை போட்டபோது ரினிட்டா சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுத்த விதத்தில் நீலவேணி வாளை உருவியபோது அவள் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. கைவிரல்கள் சோபா விரிப்பை இறுகப் பிடித்தன. ஜெனோவா திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

உதிரன் செத்தான். அவன் ரத்தம் வழிந்த இடத்தில் கல் வெடித்து முதல் அலை எழுந்தது.

ஊரே இரண்டுபட்டது. மதுரையில் உதிரன் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றினார்கள். ஒரு பெண்கள் விடுதியில் யாரும் ராச்சாப்பாடு சாப்பிடவில்லையாம். எதிரணி ரசிகர்கள் வெடி வெடித்தார்கள். அழுதவர்களும் ஆடியவர்களும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: கோட்டை வாசல் ஜெனோவா முதல்நாளிலிருந்து சொன்னாளே! விட்டுப்போன கூட்டம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். இனித்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

அதற்கடுத்த வாரம் பனிமய மாதா திருவிழா. தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எல்லோரும் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரினிட்டாவின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தவள் முகம் வெளிறியது. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சத்தமில்லாமல், யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "எனக்கு அண்ணன் கிடையாது. எங்க அண்ணன் எங்க அப்பா கூடவே செத்துட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லாய்ட் எழுந்து அவள் தோளைத் தொட்டான். ஜெனோவா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை மாதங்கி மறுபடி வந்தாள். இந்தத் தடவை கீழ்வீட்டைத் தாண்டி, மாடிப்படி ஏறி ஜெனோவாவிடமே வந்தாள்.

"அன்னிக்கு ரினிட்டா மேடத்தோட நாடி, காட்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாறியிருக்கு. பக்கத்துல நீங்க மட்டும்தான் இருந்தீங்க. என்ன சொன்னீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டோம்."

ஜெனோவா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஒப்பந்தத்தை மீறிட்டேன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல மேடம்." மாதங்கி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் எங்களுக்கு வந்ததே இல்ல. எல்லாரையும் மன்னிச்சிக்கிட்டே போனா ஜனங்களுக்குச் சலிச்சிடும்னு மேல இருக்கறவங்க பயந்துக்கிட்டு இருந்தாங்க. நாடி தானா சொல்லாததை நீங்க சொல்ல வச்சிருக்கீங்க. அதனால உங்களைக் கதைக்குழுவில சேத்துக்கலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. தொடர்ல உங்க பேர் வரும்."

"நான் என்ன எழுதணும்?"

"எழுத வேண்டாம். வியாழக்கிழமை தொடருக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசணும். என்ன பேசணும்னு உங்களுக்குத்தான் தெரியும். கூடப் பிறந்த மாதிரி இருக்கீங்க."

எத்தனை வருஷ ஆசை! நீலவேணி குதிரையேறிப் போகும் அந்த முதல் காட்சியின் மேல் தன் பெயர் ஓடுவதை ஜெனோவா எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்திருக்கிறாள். இப்போதும், வெட்கம் கெட்டுப்போய், ஒரு நொடி பார்த்தாள். அடுத்த வாரம் ரினிட்டாவிடம் எதைச் சொன்னால் எந்தக் காட்சி ஜெயிக்கும் என்றுகூட மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அப்படிக் கணக்குப் போட்டதுதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மாதங்கியை அனுப்பிவிட்டு நேரே கீழே இறங்கினாள். யோசித்தால் உண்மையைச் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ரினிட்டா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"டிரைவர் யாரும் கொல்லம் போகலை" என்றாள் ஜெனோவா.

ரினிட்டாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "புதுப் படகு?"

"இல்ல."

"சிரிக்கலையா அவன்?"

"எனக்கு அவனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது ரினி. நான்தான் சொன்னேன். உன் நாடி மாறணும்னு சொன்னேன்."

ரினிட்டா திட்டியிருக்கலாம்; கையிலிருந்த பாத்திரத்தை வீசியிருக்கலாம். அவள் களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தாள். "செத்துட்டான்னு சொன்னேனேக்கா. அவன் குரலைக் கேட்டுட்டுமா சொன்னேன்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் தொடர் பார்க்கவில்லை. முன்நாடி இல்லாமல் ஜெனோவாவுக்குத் தருவதாகச் சொன்ன வேலைக்கும் அர்த்தம் இல்லாமல் போயிற்று. நிறுவனம் வேறு ஊரில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டதாக மாதங்கி மரியாதையாக ஒரு வரி எழுதினாள். முகம் தெரியாத அந்த ஆளின் மேலும் ஜெனோவாவுக்குக் கொஞ்ச நாள் பொறாமையாக இருந்தது. பழகிய குணம் ஒரே நாளில் போகுமா?

*

ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு மெல்வின் வந்தான். உதிரனைப் போல இருப்பான் என்று ஜெனோவா எப்படியோ நினைத்து வைத்திருந்தாள். வந்தவன் முன்தலை வழுக்கையாகி, சட்டையில் டீசல் வாடையோடு, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றான். குடியை விட்டு வருஷங்களாயிற்று என்றான் லாய்ட், அவன் காதுபடவே. ரினிட்டா அண்ணனைக் கட்டிப்பிடிக்கவில்லை. "வா, சாப்பிடு" என்றாள். ஆனால் அவனுக்கு இலை போடும்போது அவனை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படித் தன்னை யாரும் பார்த்ததில்லை என்று ஜெனோவாவுக்குச் சுருக்கென்றது.

"குழம்பு இந்தப் பக்கம் தள்ளு" என்று அவள் தன் கணவன் டெரன்ஸிடம் சொன்னதுதான் தாமதம், மெல்வின் நிமிர்ந்தான்.

"இந்தக் குரல்... கோட்டை வாசல் ஜெனோவா அக்காவா நீங்க?"

ஜெனோவா தலையாட்டினாள். அவன் முகம் குழந்தை முகம்போல மலர்ந்தது. "ஒரு வாரம் விடாமக் கேப்பேன்க்கா. வலை பிரிக்கும்போது காதுல மாட்டிக்கிடுவேன். உதிரனுக்கு மன்னிப்பு இல்லைன்னு நீங்க சொல்லும்போதெல்லாம் நானும் கூடச் சொல்லுவேன். எல்லாரும் அவனுக்காக உருகினப்ப, நீங்க ஒரு ஆள்தான் உள்ளதைச் சொன்னீங்க."

ஜெனோவாவின் விரல்கள் சோற்றிலேயே நின்றுவிட்டன.

"அவனை வெட்டினாங்க பாருங்க, அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு நிம்மதி" என்று அவன் தொடர்ந்தான், இலையைப் பார்த்துக்கொண்டு. "இதுதான் சரி, இனி இழுத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு தோணிருச்சு. திருவிழா அன்னைக்கு ரினிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு, கடலுக்குப் போயி... சரி, விடுங்க. மறுநா அவ கூப்பிட்டுட்டா. படகு கிளம்பப்போற நேரம். கொஞ்சம் பிந்தியிருந்தா..."

அவன் முடிக்கவில்லை. லாய்ட் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினான். ரினிட்டா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"கதையை அப்படி முடிச்சதுதான் சரி, இல்லையாக்கா?"

"தப்பு" என்றாள் ஜெனோவா.

"எப்படித் தப்பு? சாபம் இருக்குல்லா?"

"சாபத்தைச் சொன்னவன் யாரு? எதிரி நாட்டுக்காரன். அவன் சொன்னதை எதுக்கு நம்பணும்? உதிரன் கதவைத் திறந்தப்ப அவனுக்கு என்ன வயசு? சிறையில இருந்து தப்பிக்க வழி இருந்தும் ஏன் தப்பிக்கலை? எதுக்கும் கதையில பதில் இல்லை. அவனை உயிரோட விட்டிருந்தா கதை இன்னும் எவ்வளவோ தூரம் போயிருக்கும். கொன்னது சோம்பேறித்தனம்." குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்கே கேட்டது. இத்தனை வருஷம் தான் கட்டிய கோட்டையைத் தானே கல் கல்லாகப் பெயர்த்துப் போட்டாள். சாபத்தை, சகுனங்களை, கெஞ்சலை, ரத்தத்தை, ஒன்று விடாமல். டெரன்ஸ் வாயைப் பிளந்து பார்த்தான். மெல்வின் மறுத்து மறுத்துப் பேசினான். நல்ல ரசிகன் அவன், எந்த வாரத்தில் எவன் என்ன சொன்னான் என்று துல்லியமாக எடுத்துப்போட்டான். அவள் விடவில்லை. அவன் இலையில் சோறு காய்ந்தது.

கடைசியில் அவன் குழம்பிப்போய்க் கேட்டான். "பின்ன எதுக்குக்கா அத்தனை வாரம் அப்படிப் பேசுனீங்க?"

"பொறாமை."

"யாரு மேல? உதிரன் மேலயா?" அவன் சிரித்துவிட்டான். அந்த வீட்டுக்கு வந்தபின் முதல் சிரிப்பு.

"இல்ல" என்றாள் ஜெனோவா.

ரினிட்டா அண்ணன் இலைக்கு மறுசோறு வைத்தாள். மீன் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, முள்ளைப் பார்த்து வைத்தாள். அடுத்து லாய்டுக்கும் டெரன்ஸுக்கும். பிறகு ஜெனோவாவின் முன்னால் வந்து நின்று, கரண்டியைச் சட்டியிலேயே போட்டு, சட்டியை அவள் பக்கம் வைத்தாள்.

"நீங்களே போட்டுக்கிடுங்கக்கா" என்றாள், மரியாதையாக.